ஒளியும் ஒளிவும்

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஒளி' என்பதைப் பெயராக எடுத்தால் வெளிச்சம். அதையே ஏவலாக எடுத்தால் 'மறைந்துகொள்'. எழுத்து ஒன்றும் மாறவில்லை, பொருள் மட்டும் நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஆவிக்குரிய ஒளி, இருள் என்று பேசும்போது நாம் சறுக்குகிற இடம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இருள் என்றதும் சிலருக்குப் பிசாசும் மந்திரமும் ஞாபகம் வரும். சிலருக்கு மனச்சோர்வு. வேதத்தில் மனிதன் முதன்முதலாகத் தேவனிடமிருந்து மறைகிற இடத்தை எடுத்துப் பாருங்கள். ஆதியாகமம் 3:8. ஆதாமும் அவன் மனைவியும் தோட்டத்தின் விருட்சங்களுக்குள்ளே 'ஒளித்துக்கொண்டார்கள்'. அது இரவல்ல. 'பகலில் குளிர்ச்சியான வேளை' என்று அதே வசனம் சொல்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே இருட்டை அவர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தேவன் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வியும் 'என்ன செய்தாய்' என்பதல்ல, 'நீ எங்கே இருக்கிறாய்' என்பது.

யோவானின் முதல் நிருபம் முதல் அதிகாரத்தை இதோடு சேர்த்து வாசித்தால் பல குழப்பம் தீரும். ஐந்தாம் வசனம் 'தேவன் ஒளியாயிருக்கிறார்' என்கிறது. ஏழாம் வசனம், நாம் ஒளியிலே நடந்தால் ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம், இயேசுவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கி நம்மைச் சுத்திகரிக்கும் என்கிறது. கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஒளியில் நடப்பது என்றால் பாவமே இல்லாமல் நடப்பது என்று வைத்துக்கொண்டால், அப்படி நடக்கிறவனுக்குச் சுத்திகரிப்பு எதற்கு? ஒளியில் நடக்கிறவனுக்கும் பாவம் உண்டு. அதை அவன் மூடிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே அதிகாரத்தில் இருளின் பக்கத்தை யோவான் மூன்று படியாக இறக்கிக் காட்டுகிறார். ஆறாம் வசனத்தில் ஐக்கியம் உண்டென்று சொல்லிக்கொண்டு இருளில் நடக்கிறவன் பொய் சொல்கிறான். எட்டாம் வசனத்தில் பாவமில்லை என்கிறவன் தன்னையே வஞ்சிக்கிறான். பத்தாம் வசனத்தில் பாவம் செய்யவில்லை என்கிறவன் தேவனையே பொய்யராக்குகிறான். முதலில் அடுத்தவரிடம் பொய், பிறகு தன்னிடமே பொய், கடைசியில் தேவன் மேல் பொய். மூன்றும் வாயில் தொடங்குபவை. இருளில் போகிறவன் பெரிய அக்கிரமத்தோடு ஆரம்பிக்க வேண்டியதில்லை, 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்ற ஒரு வாக்கியம் போதும்.

யோவான் சுவிசேஷம் 3:20, 21-இலும் இதே கணக்குதான். பொல்லாங்கு செய்கிறவன் ஒளியை வெறுக்கிறான், ஒளியினிடத்தில் வருவதில்லை. அவனுக்கு எதிரே நிற்கவேண்டியவன் 'நன்மை செய்கிறவன்' என்றுதானே எதிர்பார்ப்போம்? அங்கே இருப்பது 'சத்தியத்தின்படி செய்கிறவன்'. அவன்தான் ஒளியினிடத்தில் வருகிறான். பொய்யா விளக்கு என்று நம் மொழி எதைச் சொல்லுமோ, அது இதற்கு வெகு பக்கத்தில் இருக்கிறது.

வன்கண்ணும் கருணைக்கண்ணும்

மலைப்பிரசங்கத்தில் 'கண்ணானது சரீரத்தின் விளக்காயிருக்கிறது' என்ற வசனம் (மத்தேயு 6:22) பெரும்பாலும் கெட்ட படங்களைப் பார்ப்பது பற்றிய எச்சரிக்கையாகவே பிரசங்கிக்கப்படுகிறது. அது தப்பில்லை, ஆனால் இடம் அதுவல்ல. முன்னால் இருப்பது பூமியிலே பொக்கிஷம் சேர்த்துவைக்காதே என்ற பேச்சு. பின்னால் இருப்பது தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியம் செய்யமுடியாது என்ற பேச்சு. இரண்டு பண வசனங்களுக்கு நடுவே கண் வசனம் உட்கார்ந்திருக்கிறது.

எபிரெயப் பேச்சுவழக்கில் 'கெட்ட கண்' என்றால் கஞ்சத்தனம், பொறாமை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதை அழகாகப் பிடித்திருக்கிறார்கள். நீதிமொழிகள் 28:22-இல் செல்வனாகப் பதறுகிறவன் 'வன்கண்ணன்'. 22:9-இல் தன் ஆகாரத்தில் தரித்திரனுக்குக் கொடுக்கிறவன் 'கருணைக்கண்ணன்'. திராட்சத்தோட்ட உவமையில் ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்ததைப் பார்த்து முறுமுறுத்தவனிடம் எஜமான் கேட்பதும் 'நீ வன்கண்ணனாயிருக்கலாமா' என்றுதான். ஆகவே மத்தேயு 6:23 சொல்கிற இருள், அடுத்தவனுக்குக் கிடைத்த நன்மையைத் தாங்கமுடியாத கண்ணில் உண்டாகிற இருள். பக்தியாகத் தெரிகிற ஆளுக்கும் இது வரும். ஜெபிக்கிறான், உபவாசிக்கிறான், ஆனால் கூட ஊழியம் செய்கிறவனைப் பாராட்டினால் முகம் கறுத்துவிடுகிறது. அவனுக்குள் இருக்கிற வெளிச்சமே இருளாகிவிட்டது.

சரிபார்க்க எளிய வழி உண்டு. கடைசி 3 மாத வரவுசெலவை எடுத்து வையுங்கள். கொடுத்தது எவ்வளவு, யாருக்கும் தெரியாமல் கொடுத்தது எவ்வளவு, வீட்டாருக்குச் சொல்லாமல் செலவழித்தது எவ்வளவு என்று மூன்று தொகை எழுதுங்கள். மூன்றாவது தொகையை எழுதக் கை தயங்கினால் அந்த இடத்தில் நின்று ஜெபியுங்கள். கணக்குப் புத்தகம் காட்டுகிற இருட்டை முழங்கால் சில சமயம் காட்டாது.

மத்தேயு 5:15-இல் விளக்கை மூடுகிற பாத்திரம் எது என்று கவனித்ததுண்டா? மரக்கால். தானியம் அளக்கிற வியாபாரச் சாமான்.

பகையும் இதே வேலையைக் கண்ணில் செய்கிறது. சகோதரனைப் பகைக்கிறவனுடைய கண்களை இருள் குருடாக்கிவிட்டது என்று 1 யோவான் 2:11 சொல்வதைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பிடித்தவரிடமிருந்து 'சரி' என்று ஒற்றைச்சொல் பதில் வந்தால், பாவம் வேலையாக இருக்கிறார் என்று நினைப்போம். மனக்கசப்புள்ளவரிடமிருந்து அதே 'சரி' வந்தால், என்ன திமிர் என்று தோன்றும். சொல் ஒன்று, வெளிச்சம் வேறு. ஒரு ஆளுடைய சாதாரணச் செய்தியை இரண்டாம் முறை, மூன்றாம் முறை எடுத்து வாசித்து அர்த்தம் தேடுகிறீர்கள் என்றால், அந்த ஆள் விஷயத்தில் உங்கள் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் 4:26 நேரம் குறித்துக் கொடுக்கிறது. யூதக் கணக்கில் சூரியன் மறைந்தால் அடுத்த நாள் தொடங்கிவிடும். கோபத்தை நாள் தாண்ட விடாதே என்பது அதன் பொருள். ஏனென்றால் இரவெல்லாம் வைத்திருந்த கோபம் காலையில் கோபமாக இருக்காது, அபிப்பிராயமாக மாறியிருக்கும்.

திரியைத் தூண்டுவது

ஆசரிப்புக் கூடாரத்தின் குத்துவிளக்கு ஒரு தாலந்து பசும்பொன்னில் செய்யப்பட்டது, ஏழு அகல்கள் கொண்டது. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாத்திராகமம் 25:38-ஐ மட்டும் தாண்டிப் போய்விடுவோம். அந்த விளக்கோடு கூடவே அதன் கத்தரிகளும் சாம்பல் பாத்திரங்களும் அதே பசும்பொன்னில் செய்யச் சொல்லியிருக்கிறது. பரிசுத்த விளக்குக்கும் கரி பிடிக்கும், அதைக் கத்தரிக்க வேண்டியிருக்கும் என்பது முதல் நாளிலேயே திட்டத்தில் இருந்தது. கரி பிடிப்பது அவமானமாக அங்கே கருதப்படவில்லை. அதற்கான கருவிக்கும் தங்கம் ஒதுக்கினார்கள். தினமும் காலையில் ஆரோன் தூபங்காட்டும்போது விளக்குகளைச் சீர்ப்படுத்தவேண்டும் என்று 30:7 சொல்கிறது.

எண்ணெய் விளக்கைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும். எண்ணெய் நிறைய இருக்கும், திரியும் நீளமாக இருக்கும், சுடர் மட்டும் சிவந்து புகையும். காரணம் திரியின் நுனியில் சேர்ந்த கரிக்கட்டி. அது எண்ணெய் ஏறுவதை அடைக்கிறது. இன்னும் எண்ணெய் ஊற்றினால் சரியாகாது. நுனியைக் கிள்ளிவிட்டுத் திரியைச் சற்றே தூண்டவேண்டும். அதிகம் தூண்டினாலும் புகையும். சோர்ந்துபோன விசுவாசி இன்னொரு கூட்டம், இன்னொரு உபவாசம், இன்னொரு செய்தி என்று எண்ணெயாக ஊற்றிக்கொண்டே போவதைப் பார்க்கிறோம். கரியை யாரும் தொடுவதில்லை.

அந்தக் கரியைக் கிள்ளுவதற்கு, பொதுவாக எல்லா சபையாருக்கும் பொருந்துகிற ஒரு பழக்கம் இரவு ஆராய்வு. 16-ஆம் நூற்றாண்டில், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் இதை ஐந்து படிகளாக ஒழுங்குபடுத்தினார். நன்றி, ஒளி கேட்பது, நாளைப் பார்ப்பது, மன்னிப்பு, தீர்மானம். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், சங்கீதம் 139-இன் கடைசி இரண்டு வசனங்களும் இதைத்தான் கேட்கின்றன. 15 நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து செய்யவேண்டும், படுக்கையில் அல்ல. கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

முதல் 2 நிமிடம் நன்றி. 'எல்லாவற்றிற்கும் ஸ்தோத்திரம்' என்று மொத்தமாகச் சொல்லாமல், இன்று நடந்த மூன்று காரியங்களைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். ஒருவர் நமக்காகக் கதவைத் திறந்து பிடித்தது கூட இருக்கலாம். நன்றி முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. தகப்பன் வீட்டில் இருக்கிறோம் என்ற நினைவு இல்லாமல் நாளைத் திறந்தால், அது காவல்நிலைய விசாரணையாகிவிடும். அடுத்த 1 நிமிடம், 'தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்' என்ற ஜெபம். பார்க்கப்போவது நம் கண்ணால் மட்டும் அல்ல என்று ஒத்துக்கொள்வது அது.

பிறகு 7 நிமிடம் அன்றைய நாளை வரிசையாக நடந்து பாருங்கள். கண் விழித்தது முதல், ஒவ்வொரு இடமாக, ஒவ்வொரு ஆளாக. எங்கே மனம் சுருங்குகிறதோ, எந்தக் காட்சியைச் சட்டென்று தாண்டிப்போகப் பார்க்கிறதோ, அங்கே நில்லுங்கள். கேட்கவேண்டியவை எளியவை. இன்று எதை மறைத்தேன்? யாரைக் கண்டதும் ஒதுங்கினேன்? எதைக் கூட்டிச் சொன்னேன்? எதை அழித்தேன்? யாரோ அறைக்குள் வந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேனா? நல்ல இடங்களும் தென்படும், அவற்றையும் விட்டுவிடாதீர்கள். ஒளி அழுக்கை மட்டும் காட்டுவதில்லை.

அடுத்த 3 நிமிடத்தில் கண்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லவேண்டும். செய்த செயல் இருக்கவேண்டும், ஆள் இருக்கவேண்டும். 'நான் உண்மையில்லாதவன் ஆண்டவரே' என்பது அறிக்கை அல்ல, அது ஒருவகை மூடுதுணி. 'இன்று மதியம், முடிக்காத வேலையை முடித்ததாக என் மேலாளரிடம் சொன்னேன்' என்பது அறிக்கை. வாக்கியம் சின்னதாக, கூச்சம் தருவதாக இருந்தால் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கடைசி 2 நிமிடம், நாளைக்கு ஒரே ஒரு செயல், நேரத்தோடு. 'காலை 10 மணிக்குள் அவரிடம் போய் வேலை முடியவில்லை என்று சொல்வேன்.'

இதில் கெட்டுப்போகிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன். மிகவும் பொதுவானது, நாளைப் பார்க்கும்போது அடுத்தவர்கள் செய்த தவறுகளின் பட்டியல் வளர்வது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஆராயப்பட்டது மாமியாராகவோ அதிகாரியாகவோ இருப்பார். இரண்டாவது, நோட்டில் எழுதுகிறவர்களுக்கு வருவது. யாரோ ஒருநாள் வாசிப்பார்கள் என்பதுபோல அழகான வாக்கியங்கள் வரத்தொடங்கும். அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு வாயால் சொல்லுங்கள். மூன்றாவது கொஞ்சம் கவனமாகக் கையாளவேண்டியது. சிலருக்கு மனச்சாட்சி ஏற்கெனவே புண்ணாக இருக்கும். அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிடுவார்கள், நிம்மதி பத்து நிமிடம்கூட நிற்காது. இப்படிப்பட்டவர்கள் இந்த ஆராய்வை நிறுத்திவிடுவதே நல்லது. அவர்களுக்குத் தேவை நம்பகமான ஒரு போதகர், பல சமயம் ஒரு மனநல மருத்துவர். ஏற்கெனவே சிவந்த இடத்தைத் தினமும் சுரண்டச் சொல்வது பக்தி அல்ல.

குற்றம் உணர்த்துகிற ஒளியையும் குற்றஞ்சாட்டுகிற குரலையும் பிரித்தறிய வேண்டியதும் இங்கேதான். சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வான் என்று 2 கொரிந்தியர் 11:14 எச்சரிக்கிறது. வேஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அது எவ்வளவு குறிப்பாகப் பேசுகிறது என்று பார்ப்பது. ஆவியானவர் உணர்த்தினால் இன்ன சொல், இன்ன ஆள், இன்ன வழி என்று இருக்கும். போலி வெளிச்சம் எதையும் குறிப்பாகச் சொல்லாது. 'நீ எப்பவுமே இப்படித்தான், உன்னால் ஆகாது' என்று மொத்தமாகப் பூசிவிட்டுப் போகும். செய்வதற்கு ஒன்றும் கொடுக்காது.

ஒரு மனிதரிடம் சொல்வது

தேவனிடம் மட்டும் சொன்னால் போதாதா? மன்னிப்புக்குப் போதும். ஆனால் ஒளிவு உடைய, பெரும்பாலான சமயம் இன்னொரு காது தேவைப்படுகிறது. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும்போது, அதன் பலன் 'சொஸ்தமடையும்படிக்கு' என்கிறது. இஞ்ஞாசியார் இதற்கு ஒரு படம் தருகிறார். சத்துரு ஒரு கள்ளக்காதலனைப் போல நடந்துகொள்வானாம். 'உன் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே' என்பதுதான் அவன் முதல் நிபந்தனை. அப்பாவிடம் சொன்ன நிமிடமே அவன் காரியம் கெட்டது. 'இதை யாரிடமும் சொல்லக்கூடாது' என்று உள்ளே ஒரு குரல் அழுத்தினால், சொல்லவேண்டியது அதுதான்.

யாரிடம்? வாயடக்கம் உள்ளவர், உங்களைவிட மூத்த விசுவாசி, உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவர், உங்கள் பாவத்தால் பாதிக்கப்படாதவர். அடுத்தவர் இரகசியத்தை 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் உங்களிடம் எப்போதாவது சொன்னவர் என்றால் அவர் வேண்டாம். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் உண்டு, குருவானவர் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடமுடியாது. மற்றவர்கள் சொல்லத் தொடங்கும் முன்பே 'இது உங்களோடு இருக்கவேண்டும்' என்று கேட்டு வாக்கு வாங்கிக்கொள்வது நல்லது.

சொல்கிற முறையிலும் ஒளிந்துகொள்ளலாம். 'ஒரு பலவீனம் இருக்கு, ஜெபம் பண்ணிக்கோங்க' என்பது அறிக்கையின் உடை போட்ட ஒளிவு. எது, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது, யாருக்கு நஷ்டம் என்ற நான்கும் வரவேண்டும். அதற்குமேல் வர்ணனை தேவையில்லை, கேட்கிறவர் மனதில் அது கறையாக நிற்கும். கேட்கிறவருக்கும் ஒரு வார்த்தை. அறிவுரைக்கு அவசரப்படாதீர்கள். முதலில் 1 யோவான் 1:9-ஐச் சத்தமாக வாசியுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள், ஒரு வாரம் கழித்து நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த ஒரு அழைப்பு இல்லாததால்தான் பல அறிக்கைகள் ஒரு ராத்திரி அழுகையோடு முடிகின்றன.

பணம் சம்பந்தப்பட்டிருந்தால் அழுகை போதாது. லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 1,000 எடுத்திருந்தால் 1,200. பலி செலுத்துவது அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது, அந்த வரிசை முக்கியம். சகேயு நாலத்தனை என்றான். பெயர் சொல்லாமல் உறையில் வைத்து அனுப்புவதால் கணக்கு தீரும், ஒளிவு தீராது. போய் நிற்க வழியே இல்லாத இடத்தில் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்கும்போது 'உங்கள் மனம் புண்பட்டிருந்தால்' என்று ஆரம்பிக்கக்கூடாது, 'ஆனால்' என்று முடிக்கக்கூடாது. ஒரு எல்லையும் வேண்டும். பாவம் எவ்வளவு தூரம் பரவியதோ, அறிக்கையும் அவ்வளவு தூரம் போனால் போதும். ஒருவரைப் பற்றி மனதுக்குள் மட்டும் கசப்பாக நினைத்ததை அவரிடமே போய்க் கொட்டுவது உங்கள் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது. அதைத் தேவனிடமும், வேண்டுமானால் அந்த மூத்தவரிடமும் சொன்னால் போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கொடுமைக்கு ஆளானவர் அதை வெளியே சொல்லாமல் இருப்பது பாவ ஒளிவு அல்ல, காயம். அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்காதீர்கள். கொடுமை செய்தவர் விஷயம் வேறு. ஒரு பிள்ளைக்கு எதிரான குற்றத்தைச் 'சபைக்குள் ஜெபித்துப் பார்க்கலாம்' என்று வைத்திருப்பது இருளோடு உடன்படுவது. அது காவல்துறைக்குப் போகவேண்டும். எபேசியர் 5:11-இல் 'கடிந்துகொள்ளுங்கள்' என்று நாம் வாசிக்கிற கிரேக்கச் சொல்லுக்கு வெளிப்படுத்திக் காட்டுவது என்ற பொருளும் உண்டு. அந்தப் பொருள் மறந்துபோனதால் நேர்ந்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒளிவே இல்லாத இருட்டு

இவ்வளவும் சொன்ன பிறகு இதைச் சொல்லாவிட்டால் அநியாயம். எதையும் மறைக்காதவனுக்கும் இருட்டு வரும். ஏசாயா 50:10-இல், கர்த்தருக்குப் பயந்து அவருடைய தாசனின் சொல்லைக் கேட்கிறவனே வெளிச்சமில்லாமல் இருட்டில் நடக்கிறான். அவனிடம் பாவத்தைத் தேடு என்று சொல்லப்படவில்லை. கர்த்தருடைய நாமத்தை நம்பி, தன் தேவனைச் சார்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறது. அடுத்த வசனம்தான் பயங்கரம். இருட்டைப் பொறுக்காமல் தானே நெருப்பு மூட்டி அந்த வெளிச்சத்தில் நடக்கிறவர்கள் வேதனையில் கிடப்பார்கள் என்கிறது. யோபின் சிநேகிதர்கள் செய்தது இந்த நெருப்பு மூட்டுகிற வேலைதான், விளக்கம் என்ற விறகை அடுக்கிக்கொண்டே போனார்கள்.

88-ஆம் சங்கீதத்தின் எபிரெய மூலத்தில் கடைசிச் சொல்லே இருள். விடியல் இல்லாமல் முடிகிற அந்தப் பாட்டை யாரும் நீக்கவில்லை, திருத்தவில்லை. மோசே தேவனைச் சந்தித்ததும் கார்மேகத்துக்குள்தான் (யாத்திராகமம் 20:21). இயேசு சிலுவையில் தொங்கியபோது ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை, நம் கணக்கில் நண்பகல் முதல் மூன்று மணி வரை, பூமியெங்கும் அந்தகாரம் இருந்தது. பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வருவது, அமாவாசையில் மட்டுமே வரும் சூரியகிரகணத்துக்கு அன்று வழியே இல்லை.

வந்திருப்பது எந்த இருட்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் உடம்பைப் பாருங்கள். எலியா சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடவைத்தான். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போனபிறகுதான் வருகிறது. மனம் வெறுத்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாவு பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவேண்டாம், அன்றே சொல்லுங்கள், அன்றே போங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் எலியாவின் அடையை மறந்துவிடுகிறார்கள்.

உடம்பு சரியாக இருந்தும் ஜெபம் மணலாக இருந்தால், ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவையின் யோவான் கொடுத்த மூன்று அடையாளம் இன்றும் உதவும். 1577 டிசம்பர் முதல் 1578 ஆகஸ்ட் வரை தொலேதோ நகரில் தன் சொந்தச் சபைத் துறவிகளாலேயே சிறைவைக்கப்பட்ட மனிதர் அவர். தேவகாரியத்தில் ருசி இல்லை, ஆனால் உலகத்தில் வேறு எதிலும் ருசி இல்லை என்பது முதல் அடையாளம். பின்மாறிவிட்டேனோ என்ற கவலை விடாமல் இருப்பது இரண்டாவது. முன்போலத் தியானிக்க, மனதில் காட்சியாக ஓட்டிப்பார்க்க முடியாமல்போவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். ஜெபத்தில் மட்டும் சலிப்பு, மற்றதெல்லாம் இனிக்கிறது என்றால் அது வெறும் அசதி. கவலையே இல்லை என்றால் வெதுவெதுப்பு. மூன்றும் சேர்ந்திருந்தால் பாவத்தைத் தோண்டிக்கொண்டிராமல், வார்த்தையைக் குறைத்து, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதே அந்த நாட்களின் ஜெபம். ஒரு சங்கீதம் போதும், 88 ஆனாலும் சரி.

இந்த இருட்டுக் காலத்தில் பெரிய முடிவு எடுக்கவேண்டாம் என்பது இஞ்ஞாசியாரின் கண்டிப்பான விதி. வெளிச்சமாக இருந்தபோது தீர்மானித்ததை இருட்டில் மாற்றாதே என்றார். சபையை விடுவது, ஊழியத்தை விடுவது, நிச்சயித்த காரியத்தை முறிப்பது எல்லாம் தள்ளிவைக்கப்படட்டும். ஆபத்தான இடத்திலிருந்து வெளியேறுவது மட்டும் இந்த விதிக்குள் வராது.

இரவு ஆராய்வுக்குத் திரும்பினால், கடைசியாக ஒரு நடைமுறை விஷயம் பாக்கி இருக்கிறது. மூன்று நாள் செய்தவர்கள் நாலாம் நாள் விட்டுவிடுவார்கள். பத்து நாள் கழித்து ஞாபகம் வரும், பத்து நாளையும் சேர்த்துப் பார்க்க உட்கார்ந்து, பாதியில் மலைத்து, அதோடு நிறுத்திவிடுவார்கள். விட்ட நாட்களைத் தொடவேண்டாம். அன்றைக்கு உள்ள நாளை மட்டும் எடுங்கள், 15 நிமிடம் முடியாவிட்டால் 5 நிமிடம். 'மங்கியெரிகிற திரியை அணையாமலும்' என்று ஏசாயா 42:3 சொல்கிறவரிடம்தான் அந்த 5 நிமிடத்தையும் கொண்டுபோகிறீர்கள்.